ஸ்கெல்பெக் கொண்டித்தொழு வாசற்போர்

வாழி, கிளெமென்ட் பிண்டர்! அறுபத்தெட்டு மாரி கண்ட மார்பினனே, மழையை உதறும் தட்டைத் தொப்பியனே, முழங்கால் இரண்டும் முறையிட்டும் முன்வைத்த அடியைப் பின்வையாதவனே, நின் கொற்றம் பாட வந்தோம். கடல் கடந்தவர் கதைகளும் காடு எரித்தவர் கதைகளும் வேண்டிய மட்டும் பாடியாகிவிட்டன. யார்க்ஷர் மலைச்சரிவில், ஸ்கெல்பெக் என்னும் நூற்று நாற்பது வீட்டு ஊரில், ஓர் ஆட்டையும் ஒரு கதவையும் முன்னிட்டு நீ பொருத போர் மட்டும் பாடுவாரின்றிக் கிடந்தது. அக்குறையை இன்று தீர்க்கிறோம்.

காப்புக்கு எந்தத் தெய்வத்தையும் தொந்தரவு செய்வதாக இல்லை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் அரசனுக்கு வரி திரட்டக் கழுதைமேல் ஏறி வந்த பெயரறியா எழுத்தனே நமக்குக் காப்பு. அவன் வந்தபோது ஊர்தோறும் பன்னிரண்டு ஜான்களும் ஒன்பது வில்லியம்களும் இருந்தனர். எந்த ஜான் வரி கொடுத்தான், எந்த ஜான் வைக்கோற்போரில் ஒளிந்தான் என்று தெரியாமல் அவன் தலை கிறுகிறுத்தது. ஆகவே குன்றடியில் குடியிருந்தவன் பெயரோடு குன்றை ஒட்டினான். கால் வளைந்தவன் பெயரோடு வளைந்த காலை ஒட்டினான். ஒன்றுமில்லாதவனுக்கு அவன் அப்பனையே ஒட்டினான். மை காய்ந்தது. ஒட்டியது ஒட்டியதுதான். மெழுகுத்திரி வார்த்தவன் வழிவந்த சாண்ட்லர் இன்று ஸ்கெல்பெக்கில் மின்கம்பி பழுது பார்க்கிறான். அம்பு செய்தவன் பெயரைத் தாங்கிய பிளெட்சர் அம்மையார் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். செத்துப்போன தொழிலின் பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் இக்குடியினர் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

கிளெமென்ட் யோசித்தான்.

முப்பத்தொரு ஆண்டுகள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டியின் மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தவன் அவன். அங்கே அவனை ஏழாம் மேசை என்றே அழைத்தார்கள். ஓய்வுபெற்ற நாளில் பரிசளித்த கடிகாரத்தின் முதுகில் வேறு எவன் பெயரோ பொறித்திருந்தது. அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை, கட்டவுமில்லை. பிறகு ஒருநாள் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியவன், குடும்பப் பெயர்களின் பொருள் கூறும் தடித்த நூலொன்றைப் புரட்டினான். பிண்டர்: ஊர்ப் பயிரை மேயும் கொண்டி மாட்டையும் ஆட்டையும் பிடித்துத் தொழுவில் அடைக்கும் ஊர் அதிகாரி. படித்தான்; மறுபடி படித்தான். ஏழாம் மேசை எழுந்து நின்றது.

காலமும் கனிந்தது. ஊர்க்கோடியில் இடிந்து கிடந்த பழைய கொண்டித்தொழுவை ஊராட்சி மன்றத்தார் புதுப்பித்தனர். ஆளுயர வட்டக் கற்சுவர், கருவாலி மரக் கதவு, வெளிப்புறத்தில் மட்டும் இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே அடைபட்ட ஆடு மூக்கால் நெம்பித் திறந்துவிடக் கூடாது என்று தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு தகடும் அறைந்தார்கள். அத்தோடு நில்லாமல், பிண்டர் என்னும் பழைய பதவியையும் எழுப்பினர். சம்பளம் கிடையாது. கடாக்கொம்புப் பிடி வைத்த ஒரு கோல் உண்டு. ஆகஸ்டு மாத ஊர்த்திருவிழாவில், அக்கோலை ஏந்தியவன் வாத்தியக் குழுவுக்கும் முன்னால், மன்றத்தலைவிக்கும் முன்னால், ஊரே பின்தொடர நடப்பான்.

அந்த ஒரே ஒரு நடையைத்தான் கிளெமென்ட் விரும்பினான். தன் பெயர் சொல்லும் வேலையைத் தான் செய்வதை ஒரே ஒரு முறை ஊர் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுதினான். காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதிக் கீழே கோடிட்டான்.

எதிரி இல்லாமல் காவியம் ஏது? எழுந்தாள் மோரீன் ஹேவர்ட்! பள்ளிக்கூட மடைப்பள்ளியை இருபத்தாறு ஆண்டு ஆண்டவள், மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அஞ்சி நடுங்கும் அவித்த முட்டைக்கோசின் அதிபதி, இரப்பர் காலணி அணிந்த இடியேறு. ஹேவர்ட் என்றால் வேலிக்காவலர். கால்நடை பயிருக்குள் புகாமல் வேலியைக் காத்த பழைய அதிகாரி. ஆடு வேலி தாண்டுமுன் ஹேவர்டுக்குச் சொந்தம், தாண்டியபின் பிண்டருக்குச் சொந்தம். பல நூறாண்டுகளாக ஒரே ஆட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பங்கிட்டுக்கொண்ட இரு பெயர்கள் ஊர் மன்றக் கூடத்தில், பிஸ்கட் தட்டின் இருபுறமும், நேருக்கு நேர் அமர்ந்தன.

"கிளெமென்ட், உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லைங்க," என்றாள் மோரீன். "அந்த முழங்காலை வச்சுக்கிட்டு ஆட்டு பின்னாடி ஓடணுமேன்னுதான் எனக்குக் கவலை."

"ரொம்ப நன்றி மோரீன்," என்றான் கிளெமென்ட். "நீங்க ஆக்கிப் போட்ட ஆட்டுக்கறியை நாங்க தின்னுருக்கோம். எந்த ஆடும் நம்பி உங்க பக்கம் வரும்னு எனக்குத் தோணல."

"அந்த பிஸ்கட்டைக் கொஞ்சம் தள்ளுங்களேன்."

"தாராளமா."

இந்நாட்டில் இதைவிடக் கடுமையாகப் போர் முரசு அறைய வழி இல்லை.

மன்றத்தார் எண்மர். நால்வர் பிண்டருக்கு, நால்வர் ஹேவர்டுக்குக் கை தூக்கினர். மணியக்காரர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய தலைவி பெவர்லி ரீவ் தன் தனி வாக்கால் முடித்திருக்கலாம். ஆனால் அவள் வீட்டுக்கு இடப்புறம் கிளெமென்ட், வலப்புறம் மோரீன். ஆகவே அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, அறிவித்தாள்: திருவிழா நாள் நண்பகல் மணி அடிக்குமுன், தானாகத் தப்பி வந்த ஒரு கால்நடையைத் தொழுவில் அடைத்து எவர் தாழ்ப்பாள் போடுகிறாரோ, கோல் அவருக்கே. எவரேனும் கையால் கதவைத் திறந்து ஆட்டை வெளியேற்றியதாகத் தெரிந்தால் தகுதி போகும்.

ஆறு வாரம் இருந்தது. ஆறு வாரமும் ஸ்கெல்பெக்கின் கால்நடைகள் ஒழுக்கத்தின் உச்சியில் நின்றன.

காலையில் ஃபிளாஸ்க்கும் கையுமாகக் கிளம்புவான் கிளெமென்ட். வாளியில் ஆட்டுத்தீவனத்தோடு கிளம்புவாள் மோரீன். ஒரு கீழ்ப்படியாமையைத் தேடி இரண்டு ஓய்வூதியர்கள் மலையைச் சுற்றினர். ஆனால் அந்தோ, குணம் யாரை விட்டது! மோரீனால் அசைந்தாடும் வேலிக்கம்பத்தைக் கண்டும் காணாமல் கடக்க இயலவில்லை. கண்ட இடத்தில் கல்லெடுத்து அடித்து நிமிர்த்தினாள். ஆடு வெளிவரக்கூடிய ஓட்டை ஒவ்வொன்றையும் தன் கையாலேயே அடைத்து, தன் வெற்றிக்குத் தானே வேலி போட்டாள். கிளெமென்டின் கதையோ இன்னும் கொடிது. நான்காம் வாரத்தில், டான் ஆக்ராய்டின் பண்ணைக் கதவு தானாகவே திறந்து கிடந்தது. முப்பது ஆடுகள் வாசலில் நின்று வெளியுலகை ஆராய்ந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிடம் அப்பால் திரும்பி நின்று வானத்தைப் பார்த்திருந்தால் போதும். அவன் மனம் அப்படித்தான் ஆணையிட்டது. ஆனால் திறந்த பண்ணைக் கதவைச் சாத்தாமல் கடப்பது கொலைக்கு அடுத்த பாவம் என்று வளர்க்கப்பட்ட கை அது. மனத்தைக் கேளாமல் நீண்டு கதவைச் சாத்திவிட்டது. கிளெமென்ட் தன் கையை நெடுநேரம் வெறுப்போடு பார்த்தான்.

திருவிழா நாளும் வந்தது; வழக்கம்போல் மழையும் வந்தது. விடிய விடியப் பெய்ததில் ஆக்ராய்டின் மலைப்பக்கக் கற்சுவர் ஒரு முழம் சரிந்தது. அந்த இடைவெளியில் வெளிப்பட்டாள் அவள்: நெடுமயிர்ப் போர்வையாள், கருமுகத்தாள், பின்புறத்தில் நீலச்சாயக் குறி தரித்த பெட்டையாடு. தானாக நடந்தாள், ஊருக்குள் வந்தாள், பேருந்து நிழற்குடைக்குள் புகுந்து நின்றாள்.

ஆநிரை கவரப் போனால் வெட்சிப்பூ, மீட்கப் போனால் கரந்தைப்பூ என்று வகுத்து வைத்த நம் முன்னோர், தானாக வந்து பேருந்துக்குக் காத்திருக்கும் ஒற்றை ஆட்டைப் பிடிக்கப் போகிறவன் எதைச் சூடுவது என்று சொல்லிவைக்கவில்லை. ஆகவே கிளெமென்ட் தொப்பியை இறுக்கிக்கொண்டு மட்டும் பாய்ந்தான். மணி பதினொன்று பத்து.

நிழற்குடையில் ஆட்டுக்குப் பின்னால், மழை பாதி மேலே விழ, ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"இது எவ்வளவு நேரமா இங்க நிக்குதும்மா?"

"தெரியலைங்க. நான் வரும்போதே இருந்துச்சு." அவள் இன்னும் அரை அடி மழைக்குள் நகர்ந்தாள். "எனக்கு முன்னாடி வந்ததை எப்படித் தள்ளி நிக்கச் சொல்றது?"

அந்நேரம் கீழ்த்தெருவில் வாளியின் ஓசை எழுந்தது. தீவனம் தகரத்தில் மோதும் அந்த ஓசை, வேல்கள் உராயும் ஓசைபோல், இடிகள் பல்லைக் கடிக்கும் ஓசைபோல், கிளெமென்டின் காதில் விழுந்தது. ஆட்டின் காதிலும் விழுந்தது. கருமுகம் திரும்பியது. மோரீன் வந்துகொண்டிருந்தாள்.

தொடங்கியது சமர்! முன்னே வாளி குலுக்கி மோரீன் இழுக்க, பின்னே இரு கை விரித்துக் கிளெமென்ட் துரத்த, நடுவே ஆடு தன் விருப்பப்படி நடக்க, மூவரும் ஊர்வலமாய்த் தேவாலயத் தெருவில் சென்றனர். வாளியை முந்த முயன்றான் கிளெமென்ட். முழங்கையால் வழி மறித்தாள் மோரீன். "சாரி!" என்றாள். ஆட்டுக்கும் அவளுக்கும் நடுவே குடையை நீட்டினான் அவன். "சாரி!" என்றான். தபால்பெட்டி வளைவில் அவள் அவன் காலை மிதித்தாள், "சாரி!" பிளெட்சர் வீட்டு வாசலில் அவன் அவள் வாளியைத் தட்டினான், "சாரி! சாரி!" மதயானைகள் பிளிற, சங்குகள் முழங்க நடந்த பழம்போர்களில்கூட இத்தனை கொலைவெறியோடு இச்சொல் ஒலித்திராது.

"முழங்கால் எப்படிங்க இருக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் மோரீன்.

"நீங்க விசாரிக்க விசாரிக்க இளமையாகுது."

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தொழு வந்தது. வாளியோடு மோரீன் உள்ளே போனாள். வாளியின் பின்னே ஆடு போனது. வாசலுக்கு வெளியே, தாழ்ப்பாளின் மேல் ஒரு கை வைத்து, நின்றான் கிளெமென்ட் பிண்டர்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். வெற்றி அவன் உள்ளங்கையில், ஈர இரும்பாய், குளிர்ந்து கிடந்தது. கதவை இழுக்க வேண்டும், தாழ்ப்பாளைப் போட வேண்டும், முடிந்தது. முப்பத்தொரு ஆண்டுப் பெட்டி மூலைகளும் பிறன் பெயர் பொறித்த கடிகாரமும் அந்த ஒரு ஓசையில் மறைந்திருக்கும். ஆனால் கதவுக்கு உள்ளே ஒரு பெண்மணி இருந்தாள். பெண்மணி ஒருத்தி வந்துகொண்டிருக்கையில் கதவை விட்டுவிட அவன் கைக்குத் தெரியாது. அது பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

"நீங்க முதல்ல வெளிய வாங்க மோரீன்," என்றான், கதவைப் பிடித்தபடி.

"பரவாயில்லைங்க. நீங்க போங்க. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்."

"இல்லையில்ல, நீங்க வாங்க. நான் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்கும்தான்."

மழை பெய்தது. ஆடு வாளியைக் காலி செய்தது.

"கிளெமென்ட், காலு சேத்துல மாட்டிக்கிச்சு. நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் மாட்டியிருந்தது. இடது காலணி கணுக்கால் வரை புதைந்திருந்தது. தந்திரமா என்று அவன் ஒரு கணம் பார்த்தான். தந்திரமென்றாலும் கேட்டபின் போகாதிருக்க முடியாது என்பதால் உள்ளே போனான். அவள் தோளைத் தாங்கி இழுத்தான். கால் வந்தது, காலணி வரவில்லை. அவர்கள் குனிந்திருந்த அந்நேரம், தீவனம் தீர்ந்த ஆடு, அதன்பின் அங்கு தனக்கு வேலை எதுவுமில்லை என்று கண்டு, திறந்த வாசல் வழியே நடந்து வெளியேறியது.

ஐயகோ! அப்போது வந்தான் மலைநடையன் ஒருவன். நீல மழைக்கோட்டு, முதுகில் மூட்டை, எந்த ஊரோ. எதிரே வந்த ஆட்டுக்கு ஒதுங்கி வழி விட்டான். திறந்து கிடந்த கதவைக் கண்டான். திறந்த கதவைக் கண்ட இந்நாட்டவன் எவனும் செய்வதையே அவனும் செய்தான். இழுத்தான். தாழ்ப்பாள் போட்டான்.

"சாத்திட்டேங்க!" என்று சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தான். "ஆடு கீடு வெளிய போயிடப் போகுது. நீங்க நிதானமா சுத்திப் பாருங்க!"

உரக்கக் கத்தியிருக்கலாம். ஆனால் அறிமுகமில்லாதவரை எடுத்த எடுப்பில் கத்துவது எப்படி? "ஐயா, மன்னிக்கணும், உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறதுக்கு ரொம்ப வருந்துறேன், நேரமிருந்தா, ஒரு சின்ன உதவி..." என்று கிளெமென்ட் முகவுரையை முடித்துப் பொருளுக்கு வந்தபோது, மலைநடையன் வளைவு தாண்டிப் போயிருந்தான்.

ஆக, பல நூறாண்டுக்குப் பின் ஸ்கெல்பெக் கொண்டித்தொழு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே பிண்டர் ஒருவன், ஹேவர்ட் ஒருத்தி. மோரீனின் கைப்பேசி, அவள் போட்டிக்கு வைத்த கேக்கோடு, திருவிழாக் கூடாரத்தில் இருந்தது. கிளெமென்டிடம் கைப்பேசி கிடையாது. சுவர் ஏற நான்கு நல்ல முழங்கால்கள் வேண்டும்; இருவரிடமும் சேர்த்து ஒன்று தேறலாம்.

அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீரை மூடியில் ஊற்றி அவளுக்கு நீட்டினான். அவள் ஒற்றைக்காலில் நின்று குடித்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கோலு?" என்று கேட்டான். இதுவரை கேட்டதில்லை.

"என் புருஷன் கெவின் என்னை விட்டுப் போகும்போது காரை எடுத்துக்கிட்டான். நாயை எடுத்துக்கிட்டான். நல்ல வாணலியை எடுத்துக்கிட்டான். இந்தப் பேரு ஒண்ணைத்தான் விட்டுட்டுப் போனான்." மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். "பத்தொம்பது வருஷமா சும்மா கிடக்கு. ஒரு உபயோகம் வேணாமா?"

கிளெமென்ட் மூடியைத் துடைப்பதை நிறுத்தினான். நல்லவன் ஒருவன் அந்த இடத்தில் நெகிழ்ந்திருப்பான். கிளெமென்ட் கணக்குப் போட்டான். ஹேவர்ட் இவள் பெயர் அன்று! வேலிக்காவலர் குருதி இவள் நரம்பில் ஒரு துளியும் இல்லை! எதிரி தன் கவசத்தைத் தானே கழற்றி, தேநீருக்கு நன்றியும் சொல்லி, அவன் கையில் கொடுத்திருந்தாள்.

வாத்திய முழக்கம் நெருங்கியது. தேவாலயத்திலிருந்து திடலுக்குச் செல்லும் ஊர்வலம், குடைகள் கவிந்து, தொழுவின் பக்கம் வந்து நின்றது. பெவர்லி ரீவ் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். கடாக்கொம்புக் கோல் அவள் கையில், பிளாஸ்டிக் உறை போட்டபடி, மின்னியது.

"ஆடு எங்கே?"

"போயிடுச்சு," என்றாள் மோரீன்.

"தாழ்ப்பாள் போட்டது யாரு?"

"யாரோ ஒருத்தர். நல்ல மனுஷன்தான்."

அப்போது முன்னே வந்து, தொப்பியைக் கழற்றி, ஊரார் அனைவரும் கேட்க, மழையும் வாத்தியமும் அடங்க, முழங்கினான் கிளெமென்ட் பிண்டர்: "மன்றத்தீரே! ஆட்டைப் பத்தி இனி பேச்செதுக்கு? பெயரைப் பத்திப் பேசுவோம்! இவங்க ஹேவர்ட் இல்ல. அது ஓடிப்போன புருஷன் பேரு. கல்யாணத்துல ஒட்டிக்கிட்ட பேரு ஒரு பேரா? பொறந்த பேர்தான் பேரு. பொறப்பால பிண்டர் நான் ஒருத்தன்தான்!"

மன்றத்தார் எண்மருள் ஐவர் கணவன் பெயரைத் தாங்கிய மனைவிமார் என்பதை, முப்பத்தொரு ஆண்டு மூலைகளைச் சரிபார்த்த அந்தக் கண் சரிபார்க்கவில்லை.

ஐந்து குடைகள் மெல்ல நிமிர்ந்தன.

"ரீவ்ங்கிறதும் பிரையன் கொண்டாந்த பேர்தான், கிளெமென்ட்," என்றாள் பெவர்லி.

"நாப்பது வருஷமா அந்தாளு அழுக்குத்துணியோட சேத்து அவன் பேரையும் நான்தான் சுமக்குறேன்," என்றாள் பிளெட்சர் அம்மையார். "அது என்னுது இல்லையாமே?"

"நான் பொதுவாச் சொல்லலைங்க. குருதி வழியைத்தான்..."

"உங்கம்மா பொறந்த வீட்டுப் பேரு என்ன?" என்று கேட்டாள் பெவர்லி.

"மெட்காஃப்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

அந்தத் தடித்த நூலில் அந்தப் பக்கத்தை அவன் புரட்டியதே இல்லை.

"பாக்கலைங்க," என்றான்.

குடைகளின் கீழே வாக்கெடுப்பு நடந்தது. மோரீனுக்கு ஏழு. கிளெமென்டுக்கு ஒன்று; அதைப் போட்ட கிழவர், காதுக்கருவி நனைந்துவிடுமென்று அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது.

உறை நீங்கிய கோலை ஏந்தி, ஒரு காலில் இரப்பர் காலணியும் மறு காலில் சேற்றுக் காலுறையுமாக, வேலிக்காவலர் குலத்துக்கு மருமகளாகப் போய் அக்குலத்தையே தனி ஒருத்தியாய் மீட்டு வந்த மோரீன் ஹேவர்ட் முன்னே நடக்க, எக்காளங்கள் ஆர்ப்ப, முரசுகள் அதிர, மெழுகுத்திரி குலத்தவரும் அம்பு குலத்தவரும் மணியக்காரர் குலத்தவரும் தத்தம் குடைக்கீழ் அணிவகுக்க, ஊர் முழுதும் திடல் நோக்கித் திரண்டு செல்ல, திறந்து கிடந்த கொண்டித்தொழுவின் வாசலில் மழைநீர் சொட்டும் தொப்பியைக் கையில் பிடித்து, கதவைச் சாத்திவிட்டு, தனியே திரும்பிய தோற்ற வீரனே, கிளெமென்ட் பிண்டரே, பிறப்பால் கொண்டித்தொழுக் காவலனே!

அவன் வீட்டுக்குப் போய் இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டான், உப்பு தீர்ந்திருந்தது.